துணிக்குப் பின்னால் உட்கார்ந்து நீ பார்த்த படம்

ராயப்பா,

இந்தக் கடிதத்தைப் பகலில் படி. தனியாக உட்கார்ந்து படிக்காதே, தெரேஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமையும் இல்லை, அது உண்மையும் இல்லை. சனிக்கிழமை நீ ரங்கூன் கப்பல் ஏறப்போகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "வீட்டுக்கு வரலம்மா, உங்ககிட்ட இங்கயே சொல்லிக்கிறேன்" என்றாய். அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வேண்டாமாடா என்று நான் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "சொல்லி என்ன ஆகப்போவுது? என் பேரை அவர் வாயிலருந்து ஒரு நாளாச்சும் கேட்டிருக்கேனா? ஊருக்கெல்லாம் வாய், எனக்கு மட்டும் ஊமை." சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாய். உன் மனைவி தெரேஸ் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெயிலில் நின்றேன். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லையா? எனக்கா? ஆனால் உன் அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த அந்த வாக்கை இப்போது இந்தக் காகிதத்தில் உடைக்கிறேன். அவருடைய எந்தப் பேச்சை நான் முழுதாகக் கேட்டேன், இதைக் கேட்பதற்கு?

அவர் எதற்கு வாக்கு வாங்கினார் என்றால், சின்ன வயசில் நடந்த ஒன்று உனக்கு மறந்துபோயிற்று என்று அவர் நம்புகிறார். நான் சொன்னால் திரும்ப ஞாபகம் வந்துவிடுமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நீ படிக்கப் படிக்க உனக்குள் எது எழுந்து வருமோ எனக்குத் தெரியாது. அதனால்தான் பகலில் படி என்றேன். ஆனால் சொல்லாமல் உன்னைக் கப்பலேற்றி விட்டால், நீ திரும்பி வரும்போது கேட்பதற்கு இங்கே ஒன்றும் இருக்காது. உன் அப்பாவின் தொண்டையில் ஒரு கட்டி இருக்கிறது, ராயப்பா. பெரியாஸ்பத்திரி டாக்டர் அடுத்த மாதம் அறுக்க வேண்டும் என்கிறார். உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் போய்விடும் என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரல் மட்டும்! உன் அப்பா தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதற்கும் என்னிடம் வாக்குக் கேட்டார். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

உன் அப்பா பயாஸ்கோப் கொட்டகையில் வேலை பார்த்தார் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்பது உனக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் ஐந்து வயசுக்குப் பிறகு உன்னை நாங்கள் அந்தப் பக்கமே விடவில்லை. அப்போது படங்கள் பேசாது. வெள்ளைக்காரன் வாயை வாயை ஆட்டுவான், சத்தம் வராது. இங்கிலீஷ் எழுத்து வரும், படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, கையில் தகரக் குழலைக் கொடுத்து உன் அப்பாவை நிறுத்தியிருந்தார்கள். படத்தில் உள்ள எல்லாருக்கும் அவர்தான் பேச வேண்டும். துரைக்குப் பேசுவார், துரைசானிக்குப் பேசுவார், திருடனுக்கும் போலீஸ்காரனுக்கும் பேசுவார், நாய்க்குக் குரைப்பார். தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம். எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் பாதி தெரியாது. காலையில் ஒரு தரம் படத்தை ஓட்டிக் காட்டுவார்கள், அதைப் பார்த்துத் தானாகக் கதை கட்டிக்கொள்வார். அடேயப்பா, என்ன குரல் அது! சூலியா தெரு முனையில் நின்று கூப்பிட்டால் பள்ளிவாசலில் கேட்கும். இன்னொன்றும் செய்வார். வெள்ளைக்காரப் பெயர் யார் வாயில் நுழையும்? அதனால் துரைக்குச் சூசை என்று வைப்பார், துரைசானிக்கு அஞ்சலை என்று வைப்பார். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், முன்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், யார் பெயரை வேண்டுமானாலும் வைப்பார். இன்றைக்கு யார் மாட்டுவார்கள் என்று பார்க்கவே ஒரு கூட்டம் வரும். கொட்டகை சிரித்துச் சிரித்து உருளும்.

நானும் நீயும் உட்கார்ந்தது முன்னால் அல்ல. திரை என்பது வெறும் வெள்ளைத் துணிதான். அதில் தண்ணீர் தெளித்து நனைத்து விட்டால் பின்பக்கமும் படம் தெரியும். வலது கை இடது கையாக, எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால் பாய் போட்டிருக்கும். முன்னால் ஆண்களோடு உட்காரப் பிடிக்காத பெண்களும், வேலைக்காரர்களின் வீட்டாரும் அங்கே உட்காருவோம். சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு உன் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். அங்கேயிருந்து பார்த்தால் உன் அப்பா தெரியமாட்டார். அவர் துணிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். குரல் மட்டும் துணி வழியாக வரும். நாய் வாயைத் திறக்கும், உன் அப்பா குரலில் குரைக்கும். நீ கைகொட்டிச் சிரித்துவிட்டு என் காதில் சொல்லுவாய், "அம்மா, அப்பா துணிக்குள்ள போயிட்டாரு." தினமும் அவர் துணிக்குள் போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வெளியே வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். ஒரு தரம் உன்னை முன்பக்கம் அழைத்துப் போய், இதோ பார் முக்காலி, இதோ பார் குழல், இவர்தான் பேசுகிறார் என்று காட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளை என்ன அழகாகச் சொல்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன், பைத்தியக்காரி.

பிறகு அந்தப் பாழாய்ப்போன படம் வந்தது. பெயரெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. நிறையக் கதவுகள் உள்ள ஒரு வீடு. சுண்ணாம்பு பூசின முகத்தோடு ஒரு நெட்டை மனிதன். கண் இமைகளை நூல் போட்டுத் தைத்திருக்கும். கண் தெரியாததால் ஒவ்வொரு கதவாகக் காதை வைத்துக் கேட்பான். உள்ளே பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் கூப்பிடுவான். எந்தப் பிள்ளை பதில் சொல்கிறதோ அதைக் கோட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வான். காலையில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கதை சொன்னபோது, "இதெல்லாம் பிள்ளைங்க பார்க்கிற படமா, என்னங்க?" என்றேன். "நீ ஒண்ணு. பயந்தாதான் இன்னொரு தடவை வருவாங்க. கூட்டம் பிச்சுக்கும் பாரு" என்று சிரித்தார். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

தகரக் கூரை. மத்தியான வெயில். பின்பக்கம் காற்றுக்காகச் சந்துக் கதவைச் சாத்தாமல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். படத்தில் ஒரு பையன் கட்டிலில் படுத்திருந்தான். உன் அப்பா வழக்கம்போலப் பெயர் வைத்தார். "இந்தச் சின்னத் துரை பேரு ராயப்பன்!" முன்னால் எல்லாரும் சிரித்தார்கள், அவர்களுக்கு உன்னைத் தெரியும். நீ நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கையால் என்னை இடித்தாய். "அம்மா, என் பேரு! அப்பா என் பேரை வச்சிருக்காரு!" துணிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் வைத்தார். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள், ராயப்பா. உன்மேல் இருந்த ஆசையில்தான் அந்தப் பெயரை வைத்தார்.

நெட்டை மனிதன் கடைசிக் கதவுக்கு வந்தான். முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். நாம் துணிக்கு வெகு கிட்டே, கீழே உட்கார்ந்திருந்தோம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சந்துக் காற்றில் ஈரத்துணி ஆட, தைத்த கண்களும் சேர்ந்து ஆடின. அவன் வாயைத் திறந்தான். உன் அப்பா குரலைத் தணித்து, ரொம்பச் செல்லமாக, வீட்டில் உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்போது கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். "ராயப்பா... ராயப்பா... அப்பா வந்திருக்கேன். கதவைத் தொற."

முன்னால் ஒரு சத்தம் இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ எழுந்து நின்றிருந்தாய். கால்சட்டை நனைந்து காலில் ஒழுகியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கையைப் பிடிக்க நீட்டினேன், மடியில் உன் தங்கை இருந்ததால் எட்டவில்லை. சாக்கை விலக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடிவிட்டாய்.

நான் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது, சந்தில் யாரும் இல்லை. உள்ளே பெண்கள் போட்ட கூச்சலில் உன் அப்பா முக்காலியிலிருந்து குதித்து, படத்தை அப்படியே ஓடவிட்டு, கையில் தகரக் குழலோடு ஓடி வந்தார். "எந்தப் பக்கம்?" எனக்குத் தெரியவில்லை. அவர் சூலியா தெருவில் இறங்கினார், நான் உன் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சனிக்கிழமை சந்தடி. மாட்டு வண்டி, ரிக்‌ஷா, தலைச்சுமைக்காரர்கள், அரிசி மூட்டை. உன் அப்பா குழலை வாயில் வைத்து ஊரே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார். "ராயப்பா! ராயப்பா! அப்பா வந்திருக்கேன்டா!" பாவி மனுஷன், வேறு எப்படிக் கூப்பிடுவார்? பிள்ளையைக் காணாத தகப்பன் வேறு எந்த வார்த்தையைச் சொல்வான்? கடைக்காரர்களெல்லாம், இப்பத்தான் அண்ணே ஓடினான், இப்பத்தான் ஓடினான் என்று கையைக் காட்டினார்கள். எவ்வளவு சீக்கிரம் ஓடினாலும் நீ ஒரு தெரு முன்னால் இருந்தாய். ஐந்து வயசுப் பிள்ளை எப்படி இப்படி ஓடுகிறான் என்று எனக்குப் புரியவே இல்லை.

பள்ளிவாசல் பக்கம் காவடியில் தூக்கி வந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்த மரைக்காயர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, பையனைத் தேடுறீங்களா? அந்த வண்டிக்குக் கீழ பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வாடா என் கண்ணு, அம்மாகிட்ட வா" என்று கையை நீட்டினேன். நீயும் நீட்டினாய். உன் விரல் என் விரலில் பட்டது, சில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெரு முனையிலிருந்து வந்தது, "ராயப்பா! அப்பா வந்திருக்கேன்டா!" உன் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கையை உதறிக்கொண்டு மறுபக்கமாகப் புகுந்து ஓடினாய். மாடு மிரண்டு வண்டியை இழுத்தது, சக்கரம் உன் குதிகாலுக்குப் பின்னால் உருண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ காணாமல் போகவில்லை. அவர் கூப்பிடக் கூப்பிட நீ ஓடிக்கொண்டிருந்தாய்.

நடுத்தெருவில் ஓடிப்போய் அந்தக் குழலைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். கல்யாணமாகி அன்றுவரை அவர் முன் குரலை உயர்த்தாதவள், அத்தனை பேர் பார்க்க அவர் வாயை என் கையால் பொத்தினேன். "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா என் பிள்ளை செத்துப்போயிடும்!" அவருக்குக் கோபத்தில் கண் சிவந்தது. என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். "உங்க குரலுக்குத்தாங்க ஓடுறான். துணியில இருந்தவன்தான் துரத்துறான்னு ஓடுறான். உங்களை அவனுக்குத் தெரியல." அவர் என்னையே பார்த்தார். சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்தார், நீ ஓடின கடற்கரைப் பக்கம் இரண்டு பேரும் ஓடினோம். அவர் வாயைத் திறக்காமல் ஓடியது அதுதான் முதல் தடவை.

துறையில் சரக்கேற்றும் தொங்கான் படகுகள் ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தன, நடுவில் பலகை போட்டுக் கூலிகள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் ஏறியிருந்தது, காற்று வேறு, படகெல்லாம் முட்டி முட்டி ஆடின. ஒரு மலாய்ப் படகுக்காரர், "ஜாங்ஙான் லாரி! ஜாங்ஙான்!" என்று ஓடாதே ஓடாதே எனக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசித் தொங்கானில், அதற்கும் கடைசி விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ நின்றாய். பாதிப் பாதம் மரத்தில், குதிகால் வெளியே. ஒரு கூலி எட்டிப் பிடிக்கப் போனான், நீ இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாய். "யாரும் கிட்டப் போகாதீங்க, யாரும் பேசாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உன் தங்கையை உன் அப்பா கையில் கொடுத்தேன். ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு, மறு கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கரையில் நின்றார்.

எனக்குத் தண்ணீர் என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பலகைகள் மேல் போனேன். கீழே பார்க்கவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு படகு இருக்கும்போது நீ பேசினாய்.

"கிட்ட வராதம்மா. அவன் உன் பின்னாலதான் நிக்கிறான்."

"யாருடா?"

"துணியில இருந்தவன்."

"அது அப்பாடா, ராசா. தங்கச்சியைத் தூக்கி வச்சிருக்காரு பாரு."

"அப்பா இல்ல." நீ அழவில்லை. பெரிய மனிதன் மாதிரி எனக்கு விளக்கிச் சொன்னாய். "அப்பாவைத் தின்னுட்டான். தின்னுட்டு, அப்பா குரலைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். அவனைப் பேசச் சொல்லாதம்மா."

காற்று கரைப் பக்கம் வீசியது. நீ சொன்னது அவருக்கும் கேட்டது. நான் என்ன செய்வேன், சொல்லு? உன்னோடு வாதாட நேரம் இல்லை, படகு ஒவ்வொரு தடவை ஆடும்போதும் உன் முழங்கால் மடங்கியது. திரும்பி நின்று அவரைப் பார்த்துக் கத்தினேன். "போங்க! இங்க நிக்காதீங்க! கண்ணுக்குத் தெரியாம போங்க!" என் புருஷனை நான் விரட்டினேன். அவர் போனார். உன் தங்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கிடங்குச் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தார். நீ பிழைத்தாயா, தண்ணீரில் விழுந்தாயா என்று பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகுதான் உனக்குக் கால் தளர்ந்தது. பின்னால் சாயப் போனாய். எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. கையில் உன் சட்டைதான் அகப்பட்டது, பொத்தானெல்லாம் தெறித்தது, மாதா புண்ணியத்தில் துணி கிழியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போகாமல் வேறு வழியாக வீட்டுக்குப் போனேன். பொழுது சாயும் நேரத்தில்தான் அவர் உன் தங்கையோடு வந்தார். கொல்லைப்புறம் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அங்கேயே மடங்கி உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

உனக்கு ஜுரம் கண்டது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தாயத்துக் கட்டு, மந்திரித்து விடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். திரும்ப அதே படத்துக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தால் பயம் தெளிந்துவிடும் என்று சொன்ன மகாபுத்திசாலியும் உண்டு, அவரை நான் என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. ஜுரம் இறங்கிய பிறகும், அடுத்த அறையில் உன் அப்பா ஒரு வார்த்தை பேசினால் நீ விறைத்துப்போவாய். அதனால் அவர் வீட்டில் காற்றுக்குரலில் பேச ஆரம்பித்தார். சோறு ஊட்டினார், தலை சீவிவிட்டார், தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார், எல்லாம் வாய் பேசாமல். பேசாத அப்பாவை நீ மெதுவாக ஏற்றுக்கொண்டாய். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். படமும், துறைமுகமும், எல்லாமும் உனக்கு மறந்துதான் போயிற்று. நீ நாலாவது படிக்கும்போது ஒரு நாள் ஆசையாக வாசலில் நின்று மெல்ல, ராயப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தார். நீ உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். கண்ணாடிக் குவளை கையிலிருந்து விழுந்தது, நீ கதவுக்குப் பின்னால் போய் ஒண்டி நின்றாய். கேட்டதற்கு, கை வழுக்கிடுச்சு என்று சிரித்தாய். ஜன்னல் வழியாக அவர் பார்த்துவிட்டார். "இருக்கு. இன்னும் உள்ளுக்குள்ள இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அதோடு விட்டுவிட்டார்.

நீ பெரியவனான பிறகு ஒரு மத்தியானம், தெருவில் வரும்போதே அவர் உன் தங்கையோடு வாய்விட்டுச் சிரித்துப் பேசுவதைக் கேட்டாய். நீ உள்ளே நுழைந்ததும் அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் கல்யாணத்தன்று நெற்றியில் சிலுவை போட்டாரே, உதடு அசைந்ததே, சத்தம் வரவில்லையே, அதற்கும் நீ கோபித்துக்கொண்டாய். அன்றைக்கும் சொல்லியிருக்க வேண்டும். பேசும் படம் வந்து கொட்டகையில் அவர் குரல் யாருக்கும் வேண்டாம் என்று ஆனபோது, அவர் ஒரு நாள்கூடப் புலம்பவில்லை. "நல்லதாப் போச்சு, போ" என்றார். அந்தக் குரல்மேல் அவருக்கே அவ்வளவு வெறுப்பு.

தெரேஸ் முழுகாமல் இருக்கிறாள். நாளைக்கு உன் பிள்ளையும் எதையாவது பார்த்துப் பயப்படும். சிரிக்காதே. ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா என்று அதட்டாதே. எங்கே உட்கார்ந்து பார்த்தது, என்ன கேட்டது என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேள். நாங்கள் உன்னைக் கேட்கவே இல்லை. மறந்தால் போதும் என்று மூடி வைத்தோம். மூடி வைத்தது போகவில்லை, ராயப்பா. வாசலில் யார் கூப்பிட்டாலும் நீ ஜன்னல் வழியாக முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் கொடுக்கிறாயாம். தெரேஸ் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். முந்தாநாள் கொல்லையில் துணி எடுக்கப் போனேன். உன் அப்பா துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். காய்ந்த சேலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ராயப்பா" என்றார். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிவிட்டு, இன்னும் தணித்து, "ராயப்பா" என்றார். பிறகு வேறு மாதிரி, தண்ணீர் கேட்பது போல. பிறகு இன்னொரு மாதிரி. எந்த மாதிரிக் கூப்பிட்டால் நீ பயப்பட மாட்டாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியை எடுக்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

நீயாகக் கேட்காமல் அவர் கூப்பிட மாட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரேஸையும் கூட்டிக்கொண்டு வா. அவர் வாய் அசைவது தெரிகிற மாதிரி எதிரில் உட்கார். அப்பா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க என்று கேள். உனக்குப் பயமாக இருக்கலாம், இருபத்தேழு வயசு ஆனாலும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பு நடுங்கினால் நடுங்கட்டும், தெரேஸ் கையைப் பிடித்துக்கொள். எழுந்து மட்டும் போய்விடாதே. அவர் கூப்பிட்டு முடித்ததும், "என்னப்பா?" என்று ஒரு பதில் சொல்லு. கூப்பிட்டால்தானே பதில் வரும், அதனால் அந்த வார்த்தையை இத்தனை வருஷமாக அவர் உன்னிடமிருந்து கேட்டதில்லை.

நீ வருவாய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வராவிட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் பாட்டுக்கு வாயைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

உன் அம்மா